செயின் சோவுக்கு மாற்றுச் செயினும் பாரும் வாங்கும்போது அங்குலக் கணக்கு மட்டும் ஏன் போதாது

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவிசாவளைப் பக்கம் உள்ள குடும்பக் காணியில் காற்றில் சாய்ந்த இறப்பர், தென்னை, மகோகனி மரங்களை அறுப்பதற்காக 58 சி.சி. சீனத் தயாரிப்புச் செயின் சோ ஒன்றை அவர் வைத்திருக்கிறார். செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான அதன் பார் 22 அங்குலம். பழைய செயின் தேய்ந்துவிட்டதால் கொழும்பில் ஒரு கடையில் "22 அங்குலச் செயின்" என்று கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார். பாரை மெஷினின் பக்கமாக முழுவதும் பின்னே தள்ளியும் அந்தச் செயின் சுற்றி வர எட்டவில்லை. இனி எதைச் சொல்லிக் கேட்பது, பாரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா, மாற்றுவதானால் 24 அங்குலப் பாராகப் போடலாமா என்று மூன்று விடயங்களை அவர் கேட்கிறார்.

முதலாவது கேள்விக்கு நேராக வருகிறேன். அங்குலம் என்பது பாரின் வெட்டும் நீளத்தைச் சொல்லும் அளவே தவிர, செயினின் அளவு அன்று. ஒரு செயினை அடையாளப்படுத்துபவை மூன்று எண்கள்: பிட்ச் (இணைப்புகளின் இடைவெளி, அங்குலத்தில்), கேஜ் (டிரைவ் லிங்கின் தடிப்பு), டிரைவ் லிங்க் எண்ணிக்கை. டிரைவ் லிங்க் என்பது செயினின் அடிப்பக்கத்தில் சுறாவின் துடுப்புப் போலக் கீழே நீண்டு, பாரின் தவாளிப்புக்குள் ஓடும் தகடு. 20 அங்குலம் என்று அழைக்கப்படும் பார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 0.325 பிட்ச் பாருக்கு 80 டிரைவ் லிங்க் வேண்டும். சீன 52, 58 சி.சி. மெஷின்களோடு வரும் 0.325 பாருக்குப் பெரும்பாலும் 76 போதும். ஸ்டில் நிறுவனத்தின் 3/8 பாருக்கு 72. எக்கோ நிறுவனத்தின் 3/8 பாருக்கு 70. நான்குமே 20 அங்குலம்தான், ஆனால் ஒன்றுக்குரிய செயின் மற்றொன்றில் ஏறாது. உங்களுக்குக் கிடைத்ததும் வேறொரு தயாரிப்பின் 22 அங்குலப் பாருக்குரிய செயினாகவே இருக்க வேண்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று எண்ண வேண்டியதில்லை. கேட்ட அளவை வைத்து அவர் வேறு எதையும் தந்திருக்க முடியாது.

பிட்ச் என்பது, செயினின் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளில் அடுத்தடுத்து வரும் மூன்றில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரையுள்ள தூரத்தின் பாதி. மூன்று ரிவெட்டுகளை எடுத்துப் பாதியாக்குவதற்குக் காரணம் உண்டு. டிரைவ் லிங்கில் உள்ள இரு துளைகளுக்கும், அதை இணைக்கும் பக்கத் தகட்டிலும் வெட்டும் பல்லிலும் உள்ள இரு துளைகளுக்கும் இடைவெளி ஒன்றாக இருப்பதில்லை; ஆகவே சராசரியையே கணக்கில் எடுக்கிறார்கள். வேணியர் இடுக்கிமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நல்ல இரும்பு அடிமட்டமும் போதும். மூன்று ரிவெட்டுத் தூரம் 12.7 மி.மீ. என்றால் அது 1/4 பிட்ச், 16.5 மி.மீ. என்றால் 0.325; ஏறத்தாழ 18.6 மி.மீ. என்றால் 3/8, 20.5 மி.மீ. என்றால் 0.404. 3/8 அங்குலத்தின் இருமடங்கு சரியாக 19 மி.மீ. அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். சந்தையில் நிலைத்துவிட்ட பெயர் 3/8. உண்மையான அளவு அதைவிடச் சற்றுக் குறைவு. அளந்து பார்க்கும்போது இந்த அரை மில்லிமீற்றர் உங்களைக் குழப்ப வேண்டாம். தேய்ந்து நீண்ட செயினில் எல்லா அளவும் சற்றுக் கூடவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிட்ச்சைத் தீர்மானிப்பது பாரோ செயினோ அன்று, மெஷினுக்குள் கிளட்ச்சோடு சேர்ந்திருந்து செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்தான். அதன் பற்களுக்கு இடையிலான தூரமும் செயினின் பிட்ச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். பாரின் நுனியில் சிறு சக்கரம் இருந்தால் அதுவும் அதே பிட்ச்சாக இருக்க வேண்டும். 0.325 ஸ்ப்ரொக்கெட்டில் 3/8 செயினை மாட்டினால் கையால் இழுக்கும்போது இரண்டொரு பல்லில் உட்கார்ந்தது போலத் தோன்றும். மெஷினை முடுக்கியதும் செயின் பற்களின் மேல் ஏறி ஏறி விழும், டிரைவ் லிங்குகளின் அடி சிதையும், இறுதியில் செயின் தெறிக்கும். முழு வேகத்தில் செயின் விநாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடுகிறது. அந்த வேகத்தில் அறுந்த செயின் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "சற்று இழுத்துப் பிடித்தால் ஓடும்" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

3/8 பிட்ச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் கடைகளில் மூன்று நூல் (3/8 அங்குலம்) என்று கேட்டால் இரண்டு வேறு செயின்கள் வரக்கூடும். ஒன்று முழு அளவு 3/8. மற்றது சிறிய மெஷின்களுக்குரிய லோ புரொஃபைல் 3/8. பிட்ச் எண் ஒன்றாக இருந்தாலும், லோ புரொஃபைலின் வெட்டும் பற்கள் உயரம் குறைந்தவை, தகடுகள் மெல்லியவை. ஏறத்தாழ 45 சி.சி.க்கு உட்பட்ட மெஷின்களுக்காகவே அவை செய்யப்படுகின்றன. ஸ்டில் 170, 180 போன்ற வீட்டு மெஷின்களில் இருப்பது இந்த வகைதான். 60, 70 சி.சி. மெஷினில் அதைப் போட்டால் அந்த இழுவையை அது தாங்காது. மாறாக, சிறிய மெஷினில் முழு அளவு 3/8 போட்டால் அதன் பெரிய பற்கள் கடிக்கும் சிம்பை இழுக்க எஞ்சினுக்கு வலு போதாது. அரத்தின் அளவும் இதோடு மாறும்: லோ புரொஃபைலுக்கு 4.0 மி.மீ. உருளை அரம், 0.325க்கு 4.8 மி.மீ., முழு அளவு 3/8க்கு தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ., 0.404க்கு 5.5 மி.மீ. செயின் வாங்கும்போது அதற்குரிய அரத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். தவறான அரத்தால் இரண்டு முறை தீட்டப்பட்ட நல்ல செயின், மலிவான செயினை விட மோசமாக வெட்டும்.

கேஜ் என்பது டிரைவ் லிங்கின் தடிப்பு. புழக்கத்தில் உள்ளவை 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்னும் நான்கு அளவுகள். அமெரிக்கக் கணக்கில் இவையே 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும். 1.5க்கும் 1.6க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாருக்குத் தெரியும். 1.6 செயின் 1.5 தவாளிப்புக்குள் இறங்காது, இறங்கினாலும் சிக்கிச் சூடேறும். இதைவிட அதிகம் நடப்பது எதிர்மாறான தவறு: 1.3 செயினை 1.5 பாரில் மாட்டுவது. அது எளிதாக இறங்கும், ஓடவும் செய்யும். ஆனால் செயின் தவாளிப்புக்குள் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் அறுப்பு வளைந்துகொண்டே போகும், பாரின் ஓரங்கள் ஒருபக்கமாகத் தேயும். அறுப்பு கோணுகிறது என்று பற்களையே திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை கேஜையும் அளந்து பார்க்க வேண்டும்.

இதை அளப்பதற்குப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (வெவ்வேறு தடிப்புள்ள அளவுத் தகடுகளின் தொகுதி) நன்றாகப் பயன்படும். தவாளிப்பில் எந்தத் தடிப்பு ஆடாமல் இறங்குகிறது என்று பாருங்கள். பாரின் நடுப்பகுதியில் அளக்க வேண்டாம். அது தேய்ந்து அகன்றிருக்கும். மெஷினுக்குள் மறையும் வால்பகுதியில் செயின் உரசாத இடத்தில் அளந்தால் தயாரிப்பின்போது இருந்த அளவு கிடைக்கும். பழைய செயினை அளப்பதானால் டிரைவ் லிங்கின் நுனியில் அன்றி, ரிவெட்டுகளுக்கு அருகே தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. பழைய செயினைக் கழற்றி மேசையில் நீளமாக இரண்டு வரிசையாகக் கிடத்தி, ஒரு டிரைவ் லிங்கில் வண்ணத்தால் அடையாளம் வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். எண்ண வேண்டியவை கீழே நீண்ட தகடுகளே, மேலே உள்ள வெட்டும் பற்கள் அல்ல. இரட்டை எண்ணாகத்தான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது; 67, 55 போன்ற ஒற்றை எண் கொண்ட செயின்களும் உண்டு, அவற்றில் ஓரிடத்தில் பற்களின் வரிசை சற்று மாறியிருக்கும். செயின் எவ்வளவு தேய்ந்து நீண்டிருந்தாலும் எண்ணிக்கை மாறாது என்பதால் மூன்று அளவுகளிலும் நம்பத் தகுந்தது இதுவே. ஒரேயொரு விதிவிலக்கு: நீண்டுபோன செயினைச் சில பட்டறைகளில் ஒரு லிங்கைக் கழற்றிச் சுருக்கிக் கொடுப்பார்கள். அப்படிச் சுருக்கப்பட்ட செயினை எண்ணினால் உங்களுக்குத் தவறான எண்தான் கிடைக்கும். மற்ற ரிவெட்டுகளை விடப் பளபளப்பாகவோ தட்டையாகவோ தெரியும் ஒரு ரிவெட் இருந்தால் அதை ஐயத்தோடு பாருங்கள். உங்கள் வகை மெஷினில் 0.325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு 64, 18க்கு 72, 20க்கு 76, 22க்கு 86 டிரைவ் லிங்க் வரும். இதை வழிகாட்டியாகக் கொள்ளலாம், ஆனாலும் எண்ணாமல் வாங்க வேண்டாம்.

பார் தேய்ந்து எழுத்து அழியாமல் இருந்தால் இவ்வளவு அளக்கத் தேவையில்லை. வால்பகுதியில் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பதித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். செயினிலும் குறிகள் உண்டு. ஒரிகன் நிறுவனத்தின் செயின்களில் டிரைவ் லிங்கில் எண் பொறிக்கப்பட்டிருக்கும்: 91 என்றால் லோ புரொஃபைல் 3/8, கேஜ் 1.3; 90 என்றால் அதே வகையில் கேஜ் 1.1; 20, 21, 22 ஆகியவை 0.325 பிட்ச்சில் முறையே கேஜ் 1.3, 1.5, 1.6; 72, 73, 75 ஆகியவை முழு அளவு 3/8இல் அதே வரிசை. உங்கள் பழைய செயினில் 21 என்று இருந்தால் ஐயம் தீர்ந்தது. ஸ்டில் செயினில் முறை வேறு. வெட்டும் பல்லின் முன்னாலுள்ள ஆழமட்ட முனையில் ஓர் எண் இருக்கும்: 1 என்றால் 1/4, 2 என்றால் 0.325, 3 என்றால் 3/8, 4 என்றால் 0.404, 6 என்றால் லோ புரொஃபைல் 3/8. டிரைவ் லிங்கில் உள்ள தனி எண் கேஜைக் குறிக்கும்: 1, 3, 5, 6 என்பவை 1.1, 1.3, 1.5, 1.6. எண் 6 இரண்டு இடத்திலும் இரண்டு வெவ்வேறு பொருள் தருவதைக் கவனியுங்கள்.

இனி பார். பாரை மாற்றும்போது செயினுக்குரிய மூன்று எண்களோடு வால்பகுதியின் வடிவமும் பொருந்த வேண்டும். மெஷினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள் நுழைவதற்கான நீள்துளையின் அகலம், செயினை இறுக்கும் திருகின் முளை நுழையும் துளை, எண்ணெய் வரும் துளை ஆகிய மூன்றும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டிலின் பெரிய மெஷின்களுக்கு 12 மி.மீ. நீள்துளை, ஹஸ்க்வர்னாவின் பெரியவற்றுக்கு 9 மி.மீ. என்று இது மாறுபடும். ஒரிகன் பட்டியலில் இந்த வடிவங்களுக்குத் தனிக் குறியீடுகள் உள்ளன: ஸ்டில் சிறியதற்கு ஏ074, பெரியதற்கு டி025, ஹஸ்க்வர்னா சிறியதற்கு கே095, பெரியதற்கு டி009. அகலம் கூடிய நீள்துளை உள்ள பாரை மெல்லிய ஆணியில் மாட்டி நட்டை இறுக்கிவிட்டால் நிற்கும் என்று நினைப்பது பெரும் தவறு; வேலையின் நடுவே பார் கீழே சரிந்து செயின் தளர்ந்து கழன்றுவிடும். எண்ணெய்த் துளை பொருந்தாவிட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. பார் நீலம் பாய்ந்து கருகிய பிறகுதான் தெரியவரும். ஆகவே பாரை வாங்கச் செல்லும்போது பழைய பாரைக் கையில் எடுத்துச் சென்று, புதியதன் மேல் வைத்து மூன்று துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றனவா என்று பாருங்கள்.

24 அங்குலப் பார் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். இன்னும் ஒருபடி மேலே சென்று, இப்போதுள்ள 22 அங்குலமே உங்கள் வேலைக்குத் தேவையில்லை என்று சொல்வேன். நீளமான பார் மெஷினுக்கு வலுவைச் சேர்ப்பதில்லை. எஞ்சின் தருகிற அதே வலுவைக் கொண்டு நீண்ட செயினை இழுக்க வேண்டியிருப்பதால் உரசலில் அதிகம் வீணாகிறது. எண்ணெய்ப் பம்ப் தரும் எண்ணெயின் அளவும் மாறாததால் நுனிப்பகுதி வறண்டு ஓடுகிறது. மெஷினின் முன்பாரம் கூடுவதால் கை விரைவில் தளர்கிறது, தளர்ந்த கையில்தான் விபத்து நேர்கிறது. மரத்தின் குறுக்களவைத் தாண்டி அப்பால் நீண்டு நிற்கும் நுனி உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு கிளையிலோ நிலத்திலோ படலாம். நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் பார் கண்ணிமைப்பதற்குள் மேல்நோக்கித் தெறித்து அறுப்பவரின் முகத்தை நோக்கி வரும். செயின் சோவால் நேரும் கொடிய காயங்களுக்கு இதுவே பெரிய காரணங்களில் ஒன்று.

பொதுவாக 35 முதல் 45 சி.சி. வரையுள்ள மெஷினுக்கு 14 அல்லது 16 அங்குலம், 50 முதல் 60 வரை 16 முதல் 20 வரை, 70 சி.சி.க்கு மேல் 20 முதல் 25 வரை என்று கொள்வது நல்லது. உங்கள் காணியில் சாய்ந்த இறப்பர், தென்னை ஆகியவற்றின் உடற்பகுதி பெரும்பாலும் ஓர் அடியை ஒட்டியே இருக்கும். அதற்கு 45 செ.மீ. வெட்டும் 18 அங்குலப் பார் தாராளம். ஆகவே பாரும் தேய்ந்திருந்தால் 18 அங்குலப் பாரும், அதே 0.325 பிட்ச், அதே 1.5 மி.மீ. கேஜ், 72 டிரைவ் லிங்க் கொண்ட செயினும் வாங்குங்கள். ஸ்ப்ரொக்கெட்டை மாற்றத் தேவையில்லை. மெஷின் இலகுவாக ஓடும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பற்கள் குறைவு. செயினின் விலையும் குறைவு. தடித்த மகோகனி அடிமரம் ஒன்று வந்தால் 20 அங்குலம் தேவைப்படலாம். அத்தகைய மரம் ஆண்டுக்கு ஒன்று வருமானால் அதற்கென ஆள் பிடிப்பதே சிக்கனம். பலா மரம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வார்த்தை: பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும், அது உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும்.

பல்லின் வகையைப் பற்றிக் கடைகளில் யாரும் கேட்பதில்லை, ஆனால் உங்கள் நிலைமையில் அது நீளத்தை விட முக்கியம். வெட்டும் பல்லின் வெளிமூலை கூர்மையான சதுரமாக இருந்தால் அது ஃபுல் சிசல். சற்று உருண்டிருந்தால் செமி சிசல். சுத்தமான பச்சை மரத்தில் ஃபுல் சிசல் வேகமாக வெட்டும் என்பது உண்மை. ஆனால் அதன் வேகம் முழுவதும் அந்தச் சதுர மூலையில்தான் இருக்கிறது. மண்ணோ மணலோ ஒருமுறை பட்டால் மூலை மழுங்கிவிடும், அதன்பின் மீண்டும் தீட்டும் வரை அது வெட்டாது. செமி சிசல் சற்று மெதுவாக வெட்டினாலும், கூர் குறைந்த பிறகும் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கும், கையரத்தால் தீட்டவும் எளிது. தென்னையின் வெளிப்புறம் அடர்த்தியானது, எந்த வாளின் கூரையும் விரைவில் தின்றுவிடும். நிலத்தில் விழுந்து கிடந்த மரத்தின் பட்டையில் மண் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் செமி சிசலே பொருத்தம். பால் வெட்டிய இறப்பர் மரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிரட்டையோ கோப்பையோ தாங்குவதற்காக மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பி பல சமயம் பட்டைக்குள் புதைந்து போயிருக்கும். அந்தக் கம்பியில் பட்டால் எந்த வகைப் பல்லும் தப்பாது. அறுக்குமுன் வெட்டுப்பட்ட பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள், அல்லது அந்தப் பகுதியைத் தவிர்த்து மேலேயோ கீழேயோ அறுங்கள். மரத்தைப் பலகையாக நீளவாக்கில் பிளக்க எண்ணினால் அதற்குப் பல்லின் மேற்கோணம் 10 பாகையளவுக்குக் குறைத்துத் தீட்டப்பட்ட தனிச் செயின் இருக்கிறது. குறுக்கே அறுக்கும் செயினால் பலகை பிளப்பது எஞ்சினை வதைப்பதாகும்.

பாரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். பாரைக் கழற்றித் தவாளிப்பைச் சுத்தம் செய்து நேராக நிறுத்திப் பாருங்கள்: இரு ஓரங்களும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். தவாளிப்பின் ஆழம் 0.325, 3/8 செயின்களுக்கு 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, லோ புரொஃபைலுக்கு 5 மி.மீ.; அதற்குக் கீழே போனால் டிரைவ் லிங்கின் நுனி அடியில் உரசத் தொடங்கும், அந்த உரசலில் புதுச் செயினும் கெடும். செயினை மாட்டி ஒரு பல்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தாராளமாகச் சாய்ந்தால் தவாளிப்பு அகன்றுவிட்டது என்று பொருள். ஓரத்தில் பிசிறு மட்டுமே எழுந்திருந்தால் தட்டையரத்தால் தேய்த்துவிட்டுத் தொடரலாம். நுனிச் சக்கரம் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். ஒவ்வொரு முறை செயினைக் கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவந்தால் இரு பக்கமும் சமமாகத் தேய்ந்து அதன் ஆயுள் நீளும்.

ஸ்ப்ரொக்கெட்டை மறந்துவிடுகிறார்கள் என்பதே எனக்கு மிகுந்த கவலை தருவது. பற்களில் செயின் உட்காரும் இடத்தில் அரை மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றியாக வேண்டும். தேய்ந்த ஸ்ப்ரொக்கெட்டில் புதுச் செயினை ஓடவிட்டால், அந்தத் தேய்மானத்துக்கு ஏற்றபடி செயின் நீண்டு, சில நாளிலேயே பழையதாகிவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ரொக்கெட், நான்கு செயினுக்கு ஒரு பார் என்பது அனுபவத்தில் ஏற்கப்பட்ட கணக்கு. ஒரே சமயத்தில் இரண்டு செயின் வாங்கி மாறி மாறிப் போட்டால் செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து தேயும், இதுவே மிகவும் இலாபமான வழி. பிட்ச்சை 0.325இலிருந்து 3/8க்கு மாற்ற விரும்புவோர் ஸ்ப்ரொக்கெட், பார், செயின் மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும், 58 சி.சி. மெஷினில் அதனால் பெரிய பயன் இல்லை.

பழைய சோனகத் தெருவிலோ புறக்கோட்டையில் வேறெங்கேனுமோ கடைக்குப் போகும்போது பழைய செயின், பழைய பார் இரண்டையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு துண்டுத் தாளில் "0.325, 1.5 மி.மீ., 72 லிங்க், செமி சிசல்" என்று எழுதிக் கொடுங்கள் (22 அங்குலப் பாரையே வைத்துக்கொள்வதானால் 72க்குப் பதிலாக நீங்கள் எண்ணிய எண்ணிக்கையை எழுதுங்கள்), மெஷினின் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும், ஏனென்றால் ஒரே பெயரில் வரும் சீன மெஷின்களில் ஸ்ப்ரொக்கெட் வேறுபடுவதுண்டு. சில கடைகளில் பெட்டியில் அடைத்த செயின் இல்லாவிட்டால், சுருளிலிருந்து தேவையான அளவு வெட்டி ரிவெட் அடித்துத் தருவார்கள். அது தவறன்று, முறையான கருவியால் செய்தால் பெட்டிச் செயினுக்கு நிகரானதே. ஆனால் சுத்தியலால் அடித்த இணைப்பை ஏற்க வேண்டாம். இணைத்த இடத்தைக் கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள்: மற்ற மூட்டுகளைப் போல இலகுவாக மடங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது, ரிவெட்டின் இரு தலைகளும் ஒரே அளவாக விரிந்திருக்க வேண்டும். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் இருந்தாலும் டிரைவ் லிங்கில் அந்த நிறுவனத்தின் பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி மட்டும் அசலாக இருப்பது சாத்தியம். கடையிலேயே செயினைப் பழைய பாரின் தவாளிப்பில் இறக்கிப் பார்ப்பதற்கு எந்த நல்ல கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

மாட்டுவதற்கு முன் புதுச் செயினைச் சில மணி நேரமாவது பார் எண்ணெயில் ஊற விடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை இதற்குப் பயன்படுத்துவது நம் நாட்டில் பழக்கமாகிவிட்டது. அதில் கலந்துள்ள நுண் உலோகத் துகள்கள் ரிவெட்டுகளையும் பம்பையும் அரிக்கும், காணியின் மண்ணிலும் படியும். கையுறை அணிந்து, மெஷின் நின்ற நிலையில், பாரின் மேல்பக்கத்தில் வெட்டும் விளிம்புகள் நுனியை நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். நுனியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்கிய பின் நட்டை முறுக்குங்கள். அடிப்பக்கத்தில் செயின் தொங்காமல் பாரைத் தொட்டிருக்க வேண்டும். மேல்பக்கத்தில் விரலால் தூக்கினால் டிரைவ் லிங்குகள் தவாளிப்பை விட்டு முழுவதும் வெளியே வரக் கூடாது. அதே சமயம் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். முதலில் அரை வேகத்தில் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்தி, செயின் ஆறிய பிறகு மீண்டும் இறுக்கம் பாருங்கள். புதுச் செயின் முதல் நாளில் பலமுறை தளரும், அது குறையன்று. சூடாக இருக்கும்போது இறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், ஆறும்போது சுருங்கிப் பாரையும் எஞ்சின் தண்டையும் இழுத்துப் பிடிக்கும். ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்தி வைப்பது நல்லது. கடைசியாக, மெஷினை முடுக்கிப் பாரின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே, தாளில் படாமல், ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். சில விநாடியில் தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்த் துளை பொருந்தவில்லை அல்லது அடைபட்டிருக்கிறது. அது சரியாகும் வரை மரத்தில் வைக்க வேண்டாம்.